அண்ணாவும் பையாவும்

மும்பை நகரத்தில் தென்னாட்டானைக் கூப்பிட ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘அண்ணா’. வடநாட்டானைக் கூப்பிட இன்னொரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘பையா’. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். மூத்த உடன்பிறந்தவன் என்று பொருள். ஆனால் அந்தச் சொற்கள் இந்நகரத் தெருக்களில் எந்தக் குரலில் வந்து விழுகின்றன என்பதை, தாராவியில் விடியற்காலையில் இட்லிப் பாத்திரம் சுமந்து புறப்படும் தமிழனுக்கும் சொல்ல வேண்டியதில்லை. செம்பூர் நிலையத்தருகே பானிபூரி விற்கும் பீகார்க்காரனுக்கும் சொல்ல வேண்டியதில்லை. உறவுச்சொல்லை எடுத்து ஏளனச்சொல் ஆக்கிய பெருமை இந்நகரத்துக்கு உண்டு.

அண்மையில் தாராவி தொண்ணூறு அடிச் சாலையில், ஒரு டீக்கடையில் கண்ட காட்சி இது. நம் இளைஞர் ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார். லோக்கல் ரயிலில் எவனோ அவரை ‘ஏ மதராசி’ என்று கூப்பிட்டுவிட்டானாம்.

“நான் பொறந்தது சயான் ஆஸ்பத்திரி. எங்க அப்பா பொறந்தது திருநெல்வேலிப் பக்கம். மதராசை நான் கண்ணாலயும் பார்த்ததில்ல, அண்ணாச்சி! என்னைப் போய் மதராசிங்கறான்!”

“நியாயந்தான் தம்பி” என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர்.

அந்தச் சூடு ஆறுவதற்குள், கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து நம் தம்பி குரல் கொடுத்தார்: “ஏ பையா, இன்னொரு டீ கொண்டா, சீக்கிரம்!” அந்த ஆள் தர்பங்காவிலிருந்து வந்தவர். அவர் வீட்டில் பேசும் மொழி மைதிலி. அவர் எந்த ஊர், என்ன மொழி என்று நம் தம்பி ஒருநாளும் கேட்டதில்லை.

இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்காக எழுதப்படுகிறது. அவருக்கு மட்டுமன்று, நம் எல்லோருக்குமாக.

இது நாடா, கண்டமா?

முதலில் நம் பக்கத்து நியாயத்தைப் பேசுவோம்.

மதராஸ் மாகாணம் என்று ஒன்று வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தது. அதிலே தமிழன் இருந்தான், தெலுங்கன் இருந்தான், மலையாளி இருந்தான், கன்னடனும் இருந்தான். 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. 1969 ஜனவரி 14இல் ‘தமிழ்நாடு’ என்ற பெயர் சட்டமாயிற்று. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் நான்கு மொழிகள் பேசும் மக்களை ஒரே மூட்டையாகக் கட்டி ‘மதராசி’ என்று சீட்டு ஒட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

கேட்டால் என்ன சொல்கிறார்கள்? “ஒரே நாடுதானே, ஒரே பண்பாடுதானே, இதிலே என்ன பெரிய வேறுபாடு?” என்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். கிரேக்க நாடும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் கிரேக்க நாட்டில் வாழ்வோர் ஒரு கோடியைச் சற்றே தாண்டுவர்; தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடிப் பேர். மராட்டிய மாநிலம் 3,07,713 சதுர கிலோமீட்டர். இத்தாலியைவிடச் சற்றே பெரிது. இத்தாலியின் மக்கள் ஆறு கோடிக்குள்; மராட்டியத்தில் 2011இலேயே 11.24 கோடி. உத்தரப் பிரதேசம் பரப்பில் பிரிட்டனுக்கு ஏறக்குறைய இணை. மக்கள்தொகையிலோ பிரிட்டனைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். சென்னைக்கும் மும்பைக்கும் உள்ள தொலைவு, ரோமாபுரிக்கும் பாரிசுக்கும் உள்ள தொலைவை ஒத்தது.

கிரேக்கனையும் இத்தாலியனையும் ஆங்கிலேயனையும் நிறுத்தி வைத்து, “நீங்கள் மூவரும் ஒன்றுதானே, ஒரே மொழியில் பேசித் தொலைத்தால் என்ன?” என்று கேட்க எவருக்காவது துணிவு வருமா? ஐரோப்பிய ஒன்றியம் 24 மொழிகளை ஆட்சிமொழிகளாக வைத்துத்தான் காரியம் நடத்துகிறது. சுமார் ஐந்து லட்சம் பேர் பேசும் மால்டா மொழிக்கும் அங்கே இடம் உண்டு. ஏழு கோடித் தமிழர், எட்டுக் கோடி மராத்தியர் என்று வரும்போது மட்டும் ‘அவையெல்லாம் வட்டார மொழிகள்’ ஆகிவிடுகின்றன! கிரேக்கம் உலக மொழி, தமிழ் வட்டார மொழி! இந்தத் தராசை யார் செய்தார்கள்?

“அமெரிக்கா இல்லையா? அதுவும் பெரிய நாடுதான். ஒரு கடலிலிருந்து மறு கடல்வரை ஒரே மொழி!” என்று எடுத்துக்காட்டுவோர் உண்டு. ஆம், நாலாயிரம் கிலோமீட்டர் போனாலும் ஆங்கிலம்தான். அந்த ஒருமை எப்படிக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அந்த மண்ணில் வழங்கிய நூற்றுக்கணக்கான பழங்குடி மொழிகளைப் பேசியவர்களை விரட்டியும், எஞ்சியவர்களின் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்துத் தாய்மொழி பேசினால் தண்டித்தும் கிடைத்த ஒருமை அது. அந்த வழியைத்தான் நமக்கும் காட்டுகிறார்களா?

“சீனா?” என்பார்கள். பெய்ஜிங்காரன் பேச்சு கான்டன்காரனுக்குக் காதால் கேட்டுப் புரியாது. எழுத்து ஒன்று என்பதால் எல்லாம் ஒரே மொழியின் கிளைகள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். 2010 ஜூலையில் குவாங்சோ நகரத்து மக்கள், தங்கள் தொலைக்காட்சியில் கான்டன் மொழி குறைக்கப்படுமோ என்று அஞ்சித் தெருவுக்கு வந்தார்கள். அவ்வளவு கட்டுப்பாடு மிகுந்த நாட்டிலேயே தாய்மொழிக்காகக் கூட்டம் கூடுகிறது என்றால், ஒருமை என்பது எவ்வளவு மெல்லிய பூச்சு என்பது விளங்கவில்லையா?

நாட்டின் அளவு பண்பாட்டுக்கு அளவுகோல் ஆகாது. ஒரு மக்கள் ஒரு மண்ணில் எத்தனை காலம் வேரோடி நின்றார்கள் என்பதே அளவுகோல். அந்தக் கணக்கில் இந்தியா ஒரு நாடாக இருக்கலாம். பண்பாட்டில் அது ஒரு கண்டம்.

வாடகைக்கு வீடு இல்லை

இழிவு நமக்கு மட்டும் வந்ததன்று. 1950களிலும் 60களிலும் தென் இத்தாலியின் வறண்ட ஊர்களிலிருந்து ஏழை உழவர்கள் வடக்கே டூரின் நகரத்துக்கு ரயிலேறினார்கள். கார்த் தொழிற்சாலை அவர்களுடைய கைகளை வரவேற்றது. ஊரோ முகத்தைத் திருப்பிக்கொண்டது. ‘தென்னாட்டாருக்கு வீடு வாடகைக்கு விடப்பட மாட்டாது’ என்று பலகைகள் தொங்கின. ஒரே நாட்டான், ஒரே மதத்தான், ஒரே கொடியின்கீழ் வாழ்பவன்! இருந்தும் அவன் பேச்சு வேறு, சாப்பாடு வேறு, நிறம் சற்றே கறுப்பு.

இதே காலத்தில்தான் நம்மவரும் மூட்டை முடிச்சோடு விக்டோரியா டெர்மினசில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1966 ஜூன் 19இல் சிவசேனை தொடங்கிற்று. தென்னாட்டார் வேலையைப் பறிக்கிறார்கள் என்று முழக்கம் எழுந்தது. கட்டியிருந்த வேட்டியும் லுங்கியும் கேலிப்பொருள் ஆயின. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அந்நாளில் பிள்ளைகளைத் தெருவில் தமிழ் பேசாதே என்று அடக்கி வைத்த தாய்மார்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்த அடியை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அதிலிருந்து என்ன பாடம் படித்தோம் என்பதுதான் கேள்வி.

மராட்டியர் நமக்கு அயலாரா?

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: “விந்தியத்துக்கு அப்பால் எல்லாம் ஒன்று. நாம் வேறு.” மராட்டியரையும் சேர்த்து ‘வடவர்’ என்று சொல்லிவிடுவார்கள். இதுவும் அறியாமையே.

மக்களின் உறவுமுறையைப் பாருங்கள். நம்மில் மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள். வடக்கே பல பகுதிகளில் அப்படிச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். சொந்த ஊரிலேயே பெண் எடுப்பதில்லை என்ற கட்டுப்பாடு உள்ள இடங்களும் உண்டு. மராட்டியத்திலோ பல சாதிகளில் மாமன் மகளைக் கட்டும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. புனே டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய ஐராவதி கார்வே அம்மையார் 1953இல் இந்திய உறவுமுறைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் மராட்டியத்தை வட மண்டலத்திலும் சேர்க்கவில்லை, தென் மண்டலத்திலும் சேர்க்கவில்லை. நடு மண்டலம் என்று தனியே வைத்தார்.

தீபாவளியைப் பாருங்கள். நமக்கு அது நரகாசுரன் கதை, ஒரு விடியற்காலை எண்ணெய் முழுக்கு. வடக்கே அது இராமன் ஊர் திரும்பிய நாள். வங்காளத்தில் அன்றிரவு காளி பூசை. மராட்டியர் வீட்டிலோ நம்மைப்போல் நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய் முழுக்கும் உண்டு. வடக்கைப்போல் இலக்குமி பூசையும் உண்டு. இரண்டிலும் இல்லாத ஒன்றும் உண்டு: பிள்ளைகள் வாசலில் மண்ணால் சிவாஜியின் கோட்டை கட்டுவார்கள். ஒரே நாளில், ஒரே பெயரில், எத்தனை பண்டிகைகள்! ‘இந்து பண்டிகை’ என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

மொழியைப் பாருங்கள். தமிழில் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. அவரை விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. பள்ளிப் பாடத்து இந்தியில் இந்த வேறுபாடு கிடையாது. எல்லாவற்றுக்கும் ‘ஹம்’ ஒன்றுதான். மராத்தியில் உண்டு! ‘ஆபண்’ என்றால் நாம். ‘ஆம்ஹி’ என்றால் நாங்கள். பக்கத்து வீட்டு மராட்டியக் குழந்தையும் நம் வீட்டுக் குழந்தையும் இந்த ஒன்றில் ஒரே மாதிரி எண்ணிப் பேசுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் திராவிட மொழிகளோடு கலந்து வாழ்ந்ததன் தடம் இது என்று மொழியறிஞர் கூறுவர்.

அவர்கள் பட்ட பாடும் நாம் பட்ட பாடும் வேறல்ல. நாம் 1938இலும் 1965இலும் இந்தித் திணிப்பை எதிர்த்து உயிர் கொடுத்தோம். அவர்கள் மும்பையோடு கூடிய மராத்தி மாநிலம் கேட்டு நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலி கொடுத்து, 1960 மே முதல் நாள் அதைப் பெற்றார்கள். அந்தத் தியாகிகளின் சின்னம் நகரின் நடுவே நிற்கிறது. 2025 ஏப்ரலில் முதல் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக்கி மாநில அரசு ஆணை பிறப்பித்தது. மராட்டியர் பொங்கி எழுந்தனர். ஜூன் 29இல் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. ஜூலை 5இல் வொர்லியில் உத்தவ் தாக்கரேயும் ராஜ் தாக்கரேயும் ஒரே மேடையில் ஏறினர். எந்த இயக்கம் ஒரு காலத்தில் நம்மை விரட்டியதோ அதன் வழித்தோன்றல்கள், நம் பாட்டன்மார் 1938இல் பேசியதை 2025இல் பேசினார்கள். வரலாறு இப்படியும் நியாயம் வழங்கும்.

எனவே இந்த மண்ணில் உண்டு உறங்கும் நாம் மராத்தி படிக்க வேண்டும். அச்சத்தால் அன்று, அடிமைத்தனத்தாலும் அன்று. மொழியின் அருமை அறிந்தவன் இன்னொருவன் மொழியை மதிப்பான் என்பதால்.

‘வடக்கன்’ என்பவன் யார்?

இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம்.

2008இல் இதே நகரத்தில் வடநாட்டு டாக்சி ஓட்டிகளும் தெரு வியாபாரிகளும் அடிபட்டார்கள். ரயில்வே தேர்வு எழுத வந்த பீகார், உத்தரப் பிரதேச இளைஞர்களை விரட்டி விரட்டி அடித்தார்கள். அன்று நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? “நல்லவேளை, இப்போது நம் முறை இல்லை” என்று கதவைச் சாத்திக்கொண்டவர்களே மிகுதி. தமிழ்நாட்டிலும் இன்று ‘வடக்கன்’ என்ற சொல் இளைஞர் வாயில் வசையாகிவிட்டது. 2023 மார்ச்சில் அங்கே பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவின. பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து விசாரிக்க நேர்ந்தது. செய்தி பொய்தான். ஆனால் கேட்டவர்கள் உடனே நம்பிவிட்டார்களே, ஏன்? நம் நாக்கில் இருந்த வசை அந்தப் பொய்க்கு உரமாயிற்று என்பதை மறுக்க முடியுமா?

‘இந்திக்காரன்’ என்கிறோம். யார் இந்திக்காரன்? 2011 கணக்கெடுப்பின்படி இந்தி பேசுவோர் 52.83 கோடி, நாட்டில் நூற்றுக்கு 43.63 பேர். இந்த எண்ணைக் காட்டித்தான் இந்தியை நம் தலையில் ஏற்றப் பார்க்கிறார்கள். ஆனால் அதே கணக்கின் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். தம் தாய்மொழி இந்தி என்று சொன்னவர்கள் 32.22 கோடிதான். மீதி இருபது கோடிக்கு மேற்பட்டவர்கள் வேறு ஐம்பதுக்கும் அதிகமான மொழிப் பெயர்களைச் சொன்னவர்கள். போஜ்புரி 5.06 கோடி, ராஜஸ்தானி 2.58 கோடி, சத்தீஸ்கரி 1.62 கோடி, மகஹி 1.27 கோடி. இவ்வளவு பேரையும் இந்திக் கணக்கில் கொட்டிக் குவித்தார்கள். மைதிலியையும் நெடுங்காலம் இந்தியின் கிளை என்றே சொல்லி வந்தார்கள். 2003இல் அது அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் ஏறிற்று. போஜ்புரிக்கு இன்னும் அந்த இடம் இல்லை.

நம் டீக்கடைத் தம்பிக்கு இப்போது புரியும். கிளாஸ் கழுவும் அந்தத் தர்பங்காக்காரர் இந்தியால் வாழ்ந்தவர் அல்லர். தம் மொழியை இந்தியிடம் பறிகொடுக்க இருந்தவர். நாம் அவரை ‘இந்திக்காரன்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், டில்லியின் கணக்குப் பிள்ளை செய்த வேலையையே நாமும் செய்கிறோம். அவன் காகிதத்தில் செய்தான், நாம் வாயால் செய்கிறோம்.

அம்பேத்கர் 1955இல் மொழிவழி மாநிலங்கள் பற்றி எழுதிய நூலில், வடக்கே பெரும் மாநிலங்களையும் தெற்கே சிறு மாநிலங்களையும் அமைப்பது ஆபத்து என்று எச்சரித்தார். உத்தரப் பிரதேசத்தை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார். இந்தி ஆட்சிமொழியாவதை அவர் ஏற்றவர். அதிலே நமக்கு மாறுபாடு உண்டு. ஆனால் வடக்கு என்பது ஒரே பாறை அன்று, அதை ஒரே பாறையாக ஆக்கவும் கூடாது என்று அவர் கண்டது இன்றைக்கும் உண்மை.

இன்னும் பின்னோக்கிப் போவோம். 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தது. அதே மாதம் இரண்டாவது கப்பல் கல்கத்தாவிலிருந்து போய்ச் சேர்ந்தது. ஒன்றில் தமிழரும் தெலுங்கரும். மற்றொன்றில் பீகார் முதலிய வடநாட்டு ஏழைகள். கரும்புத் தோட்டக்காரன் இரண்டு கப்பலையும் பார்த்து ஒரே சொல்தான் சொன்னான்: ‘கூலி’. இன்று வளைகுடாவுக்குப் போன நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அரபு மொழியில் இந்தியன் என்பதற்கே ‘ஹிந்தி’ என்றுதான் பெயர். இங்கே மதராசி, அங்கே ஹிந்தி! மேலே இருப்பவன் கண்ணுக்குக் கீழே இருப்பவன் எல்லாம் ஒன்றாகத் தெரிவான். கீழே இருப்பவனுக்கும் அதே கண் வந்துவிட்டால் விடிவு ஏது?

நம் வீட்டுக்குள்ளே

‘மும்பைத் தமிழர்’ என்று மேடையில் முழங்குகிறோம். அந்தச் சொல்லும் ஒரு மூட்டைதான். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே இருப்பது ஒரு ரயில் பாதை. அந்தப் பக்கம் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகம் தேடி வந்தவர்கள். 1932இல் கல்விக் கழகம் கண்டவர்கள். இந்தப் பக்கம் தோல் பதனிடவும் மூட்டை தூக்கவும் வந்த ஆதித்திராவிடரும் இசுலாமியரும் நாடாரும். ஊரில் சேரி எப்படித் தள்ளி இருந்ததோ அப்படியே இங்கேயும் தள்ளி இருந்தது. பாதைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த எத்தனை பேர் தாராவித் தமிழனைத் ‘தம்மவன்’ என்று சொல்லிக்கொண்டார்கள்? ‘நாம் தமிழர்’ என்ற சொல்லில் வரும் ‘நாம்’, பல நேரங்களில் ‘நாங்கள்’தான்.

தாராவியை எழுப்பியவர்கள் தமிழர் மட்டுமல்லர். முதலில் இருந்தவர்கள் கோலி மீனவர். கும்பார்வாடாவில் சௌராட்டிரக் குயவர். ஜரிகை வேலையிலும் தையலிலும் உத்தரப் பிரதேசத்தாரும் பீகாராரும். இன்று ‘மறுசீரமைப்பு’ என்று அளவெடுக்க வருபவன், 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன் வந்தாயா, பின் வந்தாயா என்றுதான் கேட்கிறான். எந்த மொழி பேசுகிறாய் என்று கேட்பதில்லை. வீட்டை இழக்கப்போகிறவர்களின் வரிசையில் அண்ணாவும் பையாவும் அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

வேறுபாட்டை மறைத்து ஒருமை காண முயன்றவர்களின் கதி என்ன ஆயிற்று? பாகிஸ்தான் உருது ஒன்றே என்றது. 1952 பிப்ரவரி 21இல் டாக்காவில் மாணவர் ரத்தம் சிந்தினர். 1971இல் வங்காளதேசம் பிறந்தது. இலங்கை 1956இல் சிங்களம் மட்டும் என்றது. அந்தத் தீயில் நம் இனம் வெந்தது. சுவிட்சர்லாந்து தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான்கு மொழிகளை ஏற்றுக்கொண்டு அமைதியாக வாழ்கிறது. நாட்டை உடைப்பது வேறுபாடு அன்று. வேறுபாட்டை மறுக்கும் ஆணவமே உடைக்கிறது.

அடுத்த மக்கள் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் முதல் நாளைக் கணக்கு நாளாக மத்திய அரசு 2025 ஜூனில் அறிவித்தது. கணக்கெடுப்பாளர் உங்கள் வாசலில் நிற்கும்போது அவசரப்படாதீர்கள். பிள்ளை பள்ளியில் இந்தி பேசுகிறான் என்று அவர் தாமாக எதையும் எழுத விடாதீர்கள். தாய்மொழி தமிழ் என்று சொல்லுங்கள். எழுதினாரா என்று பாருங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள்: “உங்கள் வீட்டில் பேசுவது போஜ்புரி என்றால் போஜ்புரி என்றே எழுதச் சொல்லுங்கள். மைதிலி என்றால் மைதிலி, அவதி என்றால் அவதி.” அதைப் பிறகு இந்திக் கணக்கில் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே அந்த எண் நிற்கும். எண் நின்றால் கேள்வி எழும். ஐந்து கோடிப் பேரின் மொழி எங்கே என்று ஒருநாள் அவர்கள் பிள்ளைகளே கேட்பார்கள். இந்தி ஆதிக்கத்தை எதிர்க்கத் தமிழனுக்கு வாய்க்கக்கூடிய உற்ற துணை பாட்னாவிலும் கோரக்பூரிலும் இருக்கிறது. அந்தத் துணையை ‘பையா’ என்று நாமே விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

டீக்கடைத் தம்பிக்கு ஒரு சொல். ‘மதராசி’ என்றதற்குக் கோபப்பட்டது சரி. அந்தக் கோபத்தை விட்டுவிடாதே. நாளைக்கு அதே கடைக்குப் போ. கிளாஸ் கழுவுபவரிடம் ஊர் எது, வீட்டில் என்ன மொழி என்று கேள். அதன்பிறகும் ‘பையா’ என்று கூப்பிடத் தோன்றினால் கூப்பிடு. அண்ணா என்ற பொருளிலே கூப்பிடு.

நாங்கள் என்பது இருக்கட்டும். நாம் என்பதும் பிறக்கட்டும்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!